ஒரே கயிறு, நாலு தூண், நடுவில் ஒரு புன்னைக்காய்

குளச்சலில் புதுக்கயிறு வாங்கி வந்த அன்றைக்கே அப்பா அதை வள்ளத்தில் ஏற்றமாட்டார். முதலில் இரண்டு முனைகளையும் பார்ப்பார். மெல்லிய நைலான் என்றால் மெழுகுதிரியில் காட்டி உருக்கி, எச்சில் தொட்ட விரலால் உருட்டிவிடுவார். கனத்த வடம் என்றால் முனையைப் புரி பிரித்து, மடக்கி, கயிற்றின் உடம்புக்குள்ளேயே செருகிப் பின்னிவிடுவார். "முனை பிரிஞ்சா கயிறு போச்சு மக்ளே" என்பார்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் பாடம் எடுத்த நான், குரோமோசோமின் முனையைப் பற்றி வகுப்பில் சொன்னது ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பியின் உவமையைத்தான். என் வகுப்பில் பாதிப் பேர் ஷூவைக் கண்டதில்லை. கயிற்று முனை கட்டத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காது. ஓய்வு பெற்ற பிறகுதான் இது உறைத்தது.

அந்த முனையில் டி.என்.ஏ. மடிகிற விதத்தை, கையால் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானமும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். எனக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நம் குரோமோசோம்களின் முனைப்பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். அங்கே டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். மனிதரில் ஒரு முனைக்கு ஏறத்தாழ 5,000 முதல் 15,000 எழுத்து நீளத்துக்கு. பெரும்பாலான செடிகொடிகளில் டி ஒன்று கூடுதலாக, டி டி டி ஏ ஜி ஜி ஜி. குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியில் டி டி ஜி ஜி ஜி ஜி. எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் 1978-ல் முதன்முதலாகப் படித்தெடுத்த டெலோமியர் அதுதான். உயிருக்கு உயிர் எழுத்து மாறினாலும் ஜி வரிசையாக நிற்பது மாறவில்லை. ஜி என்றால் குவானின்; டி.என்.ஏ.யை ஆக்கும் நாலு காரங்களில் ஒன்று, மற்ற எழுத்துகளும் அப்படியே.

இன்னொன்று. இரட்டை இழை முனைவரைக்கும் இரட்டையாகவே போவதில்லை. கடைசியில் ஜி நிறைந்த இழை மட்டும் ஐம்பதிலிருந்து சில நூறு எழுத்துகள் வரை தனியாக நீண்டு தொங்கும். ஜோடி இல்லாத அந்த வால்தான் நம்முடைய கயிறு.

சாமான்கள்

மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் கயிறு ஒன்றரை மீட்டர். ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஏன் என்பது என் தலைகுனிவோடு சேர்ந்த கதை, பிறகு வருகிறது.

பழைய ஃபைல் அட்டை. அதிலிருந்து 5 செ.மீ. சதுரங்கள் 12 வெட்ட வேண்டும்.

ஜாக்கெட்டுக்குத் தைக்கிற கொக்கி 24, அவை மாட்டும் வளையம் 24. என் வீட்டுக்காரியின் தையல் பெட்டியில் இருந்து எடுத்தேன். கேட்டு எடுங்கள்.

தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் போடுகிற சின்னச் சுழல் வளையம் 12. தூண்டில் சாமான் விற்கிற கடையில் ஸ்விவல் என்றே கேட்டால் கொடுப்பார்கள். இதற்குப் பதில் வெறும் நூல் போதும் என்று நினைக்காதீர்கள். பாதி விஷயமே இந்தச் சுழல் வளையத்தில்தான் இருக்கிறது.

இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா, 3.4 செ.மீ. துண்டுகளாக 8.

கடைசியாக மூன்று வகை உருண்டைகள். 2.7 செ.மீ. விட்டமுள்ள புன்னைக்காய் இரண்டு. 2 செ.மீ. உள்ள கழற்சிக்காய் இரண்டு. சாதாரண விளையாட்டுக் கோலி இரண்டு, அது ஒன்றரை செ.மீ. சொச்சம் இருக்கும்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். ஆங்ஸ்ட்ராம் என்பது அணுக்களை அளக்கிற மிகச்சிறிய அலகு; ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். உருண்டைகள்தான் அயனிகள், அதாவது மின்னேற்றமுள்ள அணுக்கள்; மடிப்பின் நடுவில் உட்காருகிறவை. பொட்டாசியம் அயனியின் விட்டம் 2.7 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும், சோடியம் 2, லித்தியம் 1.5. குவானின்கள் சேர்ந்து தட்டுத் தட்டாக அடுக்கிக்கொள்ளும், தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி 3.4. புன்னைமரம் எங்கள் கோயில் வளாகத்திலேயே நிற்கிறது. அந்தக் காலத்தில் இதன் எண்ணெயைத்தான் வள்ளத்துக்குப் பூசுவார்கள். அதன் அடியில் ஸ்கேலோடு குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத்து அண்ணாச்சி ஒருத்தர், "சாரே, வாத்தியார் வேல முடிஞ்சாலும் வெசனம் முடியல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கழற்சிக்காய்க்கு நாட்டுமருந்துக் கடைக்குப் போனால் போதும்.

அட்டையைக் குவானின் ஆக்குவது

சதுர அட்டை ஒன்றைக் கையில் எடுங்கள். அதன் ஒரு மூலைதான் உள்மூலை. உள்மூலையிலிருந்து இரு பக்கமும் ஒன்றரை செ.மீ. அளந்து, குறுக்கே வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரத்துக்குச் சிவப்பு மை பூசுங்கள். அது ஆக்சிஜன், குவானினில் ஆறாவது இடத்தில் இருக்கும் ஆக்சிஜன். இதற்கு நேர் எதிரே இருப்பது வெளிமூலை. அங்கே ஓட்டை போட்டுச் சுழல் வளையத்தின் ஒரு கண்ணைக் கட்டுங்கள். இன்னொரு கண் கயிற்றுக்கு.

இப்போது வெட்டின ஓரத்தின் இரு பக்கமும் இரண்டு விளிம்புகள் மிஞ்சும். ஒரு விளிம்பில் இரண்டு கொக்கி தையுங்கள். இது கொடுக்கிற விளிம்பு: ஹைட்ரஜனைக் கையில் வைத்திருக்கும் இரண்டு நைட்ரஜன்கள். மற்ற விளிம்பில் இரண்டு வளையம். இது வாங்குகிற விளிம்பு: உள்பக்க வளையம் அந்தச் சிவப்பு ஆக்சிஜனுக்கு, வெளிப்பக்க வளையம் ஏழாம் நைட்ரஜனுக்கு. எல்லா அட்டையிலும் கொக்கி ஒரே பக்கமாக, வளையம் ஒரே பக்கமாக வரவேண்டும். முதல் தடவை நான் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் தைத்து, மூன்று அட்டையில் மாற்றிப் போட்டுவிட்டேன்.

நாலு அட்டைகளைத் தரையில் போட்டு, ஒருத்தன் கொக்கியை அடுத்தவன் வளையத்தில் மாட்டிக்கொண்டே போங்கள். சம்மணம் போட்டு வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் வலதுகையால் பக்கத்து ஆளின் இடதுகையைப் பிடித்த மாதிரி ஒரு சதுரத்தட்டு வரும். எட்டுக் கொக்கி, எட்டு ஹைட்ரஜன் பிணைப்பு. நடுவில் சிவப்பு ஓரங்கள் சூழ்ந்த ஓர் ஓட்டை, ஏறத்தாழ 2.1 செ.மீ. இதைத்தான் ஜி-குவார்டெட் என்கிறார்கள். நான் தட்டு என்றே சொல்கிறேன்.

இந்தத் தட்டு புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1910-லேயே ஐவர் பாங் என்பவர், குவானிலிக் அமிலத்தின் கெட்டியான கரைசல் கடல்பாசி இறுகுவது மாதிரி களியாகிவிடுவதைக் குறித்து வைத்தார். ஏன் இறுகுகிறது என்பது 1962-ல் தெரிந்தது: கெல்லர்ட், லிப்செட், டேவீஸ் என்ற மூன்று பேர் எக்ஸ் கதிரால் பார்த்து, நாலு குவானின் கைகோத்து உட்காருகின்றன என்றார்கள். ஐம்பது வருஷ இடைவெளி. டெலோமியரின் ஞாபகம் யாருக்கும் அப்போது இல்லை. 1987-ல் ஹென்டர்சனும் பிளாக்பர்ன் குழுவினரும் டெலோமியர் இழைத்துண்டுகளை ஜெல் என்ற களிக்குள் மின்சாரம் கொடுத்து ஓடவிட்டபோது, அவை தங்கள் நீளத்துக்கு ஓடவேண்டிய வேகத்தைவிட வேகமாக ஓடின. விரித்த வலையைத் தண்ணீரில் இழுக்க எத்தனை பேர் வேண்டும், அதே வலையைச் சுருட்டிக் கட்டினால் ஒருத்தன் இழுத்துவிடுவான். இழை தனக்குள் மடிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. 1989-ல் வில்லியம்சன், ராகுராமன், செக் மூவரும் சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்தால்தான் இந்த மடிப்பு நிற்கிறது என்றும், மடிப்புக்குள் இருப்பது இந்தத் தட்டுகள்தான் என்றும் எழுதினார்கள்.

உருண்டை வைத்துப் பாருங்கள்

கயிறு கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தட்டை இரண்டு கையால் தூக்கிப் பிடித்து, நடு ஓட்டையில் கோலியை வையுங்கள். பொத்தென்று கீழே விழும். கழற்சிக்காய் ஓட்டைக்குள் இறங்கி, தட்டின் மட்டத்திலேயே அசைந்துகொண்டு நிற்கும்; வழுக்கிப் போகிறதென்றால் கொஞ்சம் நூல் சுற்றிக்கொள்ளலாம். புன்னைக்காய் இறங்காது. மேலே உட்கார்ந்துகொள்ளும்.

சோடியமும் பொட்டாசியமும் நிஜத்தில் நடந்துகொள்வது ஏறத்தாழ இப்படித்தான். சோடியம் தட்டின் தளத்துக்குள்ளேயே வந்து நிற்க முடியும். பொட்டாசியம் பெரியது, ஆகவே இரண்டு தட்டுக்கு நடுவே இருந்துகொண்டு மேலே நாலு, கீழே நாலு என்று எட்டு ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். எட்டு ஆக்சிஜனுக்கும் எதிர்மின்சாயல். நடுவில் யாராவது நேர்மின் ஆள் வந்து சமாதானம் செய்யாவிட்டால் ஒன்றையொன்று தள்ளும். மூன்று தட்டுக்கு நடுவே இரண்டு பொட்டாசியம்.

ஆனால் ஒன்று, கோலி விழுந்ததை வைத்து "லித்தியம் சின்னது, அதனால் நழுவிவிடுகிறது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தினேன். அயனி சிறிதாக ஆக ஆகத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். தட்டுக்குள் வரவேண்டுமென்றால் அந்தத் தண்ணீரை உதறிவிட்டு வரவேண்டும். லித்தியத்துக்கு அது முடியாத காரியம். சோடியத்துக்குக் கஷ்டம். பொட்டாசியம் லேசாக உதறிவிட்டு வந்துவிடுகிறது. பொட்டாசியம் ஜெயிப்பதற்கு அளவு மட்டும் காரணமில்லை, இந்த உதறலும் காரணம்.

எது எங்கே கிடைக்கிறது என்பதற்கு நம் ஊரே போதும். புத்தளம் உப்பளத்தில் குவிகிறது சோடியம். மட்டிப்பழத்தில் இருப்பது பொட்டாசியம். நம் செல்லுக்கு வெளியே உப்பளம், உள்ளே பழக்குலை: செல்லின் உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் பொட்டாசியம், சோடியம் அதில் பத்தில் ஒரு பங்குதான். வெளியே நேர்மாறு.

கயிறு கட்டுதல்

கயிற்றின் ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றுங்கள், அது ஆரம்பம், 5 பிரைம் முனை. மற்றதில் நீல நூல், 3 பிரைம் முனை. நிஜ டெலோமியரில் தொங்குகிற வாலின் நுனி இந்த நீல முனைதான். டி.என்.ஏ. இழைக்குத் திசை உண்டு என்பதை இந்த நிறங்கள் இல்லாமல் பின்னால் ஞாபகம் வைக்க முடியாது.

சிவப்பு முனையிலிருந்து ஒரு சாண் விட்டு, முதல் அட்டையின் சுழல் வளையத்தைக் கயிற்றோடு முடிந்துகொள்ளுங்கள். பிறகு கயிற்றில் ஒரு ஸ்ட்ரா துண்டைக் கோத்துவிடுங்கள். இரண்டாவது அட்டை. இன்னொரு ஸ்ட்ரா. மூன்றாவது அட்டை. ஒரு தூண் ஆச்சு. ஸ்ட்ரா இருப்பதால் தூண் விறைப்பாக நிற்கும், இடைவெளியும் தானாக வந்துவிடும். அதற்கப்புறம் 20 செ.மீ. வெறும் கயிறு, அதில் 5 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று முடிச்சு. முதல் இரண்டும் டி, மூன்றாவது ஏ, அதில் மட்டும் கலர் நூல். இதுதான் வளைவு. இப்படியே நாலு தூண், மூன்று வளைவு. சொல்லிக்கொண்டே கட்டினால் தப்பாது: ஜி ஜி ஜி, டி டி ஏ, ஜி ஜி ஜி, டி டி ஏ. வலை முடிகிறவர்கள் கண்ணி எண்ணுகிற மாதிரி.

இனி என் தலைகுனிவு. முதன்முதலில் நான் செய்த மாதிரியில் நாலு தூணுக்கும் நாலு தனித்தனிக் கயிறு. அழகாகத்தான் நின்றது. ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சித்தமாக வராந்தாவில் தொங்கவிட்டிருந்தேன். பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டா, வாலுண்ணா ஒரு இழைதானே தொங்கும்? இதுல நாலு குரோமோசோம் வாலையா சேத்துக் கெட்டியிருக்கியோ?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். நாலு தனி இழைகள் சேர்ந்து நிற்பதும் உண்டுதான். ஜி நிறைந்த துண்டுகளில் அதை 1988-லேயே சென்னும் கில்பர்ட்டும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நான் கட்டியது பொய்யில்லை. ஆனால் தொங்கும் ஒற்றை வாலுக்கு எளிதாக வாய்ப்பது, ஒரே இழை நாலாக மடிந்து தானே நாலு தூணும் ஆகிக்கொள்வதுதான். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் அறுத்துப்போட்டேன். அதோடு பசை போட்டு ஒட்டிய அட்டைகளும் ஆனி மழை ஈரத்தில் ஊதி அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. ஒரேயடியாகக் கொக்கிக்கு மாறியது அப்போதுதான்.

முதல் மடிப்பு: கூடை

தரையில் சாக்பீஸால் 10 செ.மீ. சதுரம் வரைந்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக மூலைகளுக்கு க, ச, ட, த என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கடிகார முள் போகிற பக்கமாகப் பெயர் வைக்காதீர்கள்; காரணம் அடுத்த மடிப்பில்.

முதல் தூண் க மூலையில் கீழிருந்து மேலே போகிறது. மேலே வந்த கயிற்றை ச மூலைக்கு வளைத்து, இரண்டாம் தூணை மேலிருந்து கீழே இறக்குங்கள். கீழே வந்ததும் கயிறு குறுக்கே, மூலைவிட்டமாக, தட்டுகளின் அடிவயிற்றைக் கடந்து த மூலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்றாம் தூண் மேலே. மேலே வந்து ட மூலைக்கு வளைந்து, நாலாம் தூண் கீழே. மேலே இரண்டு பக்கவளைவு, கீழே ஒரு குறுக்குவளைவு. மூங்கில் கூடையின் பிடி மாதிரி இருப்பதால் கூடை என்றே இதற்குப் பெயர். சோடியம் கரைசலில் மனித டெலோமியர் துண்டு இப்படித்தான் மடிகிறது என்று யோங் வாங், டின்ஷா பட்டேல் இருவரும் 1993-ல் கண்டார்கள். கழற்சிக்காயை நடுவில் வைத்துவிட்டுக் கொக்கிகளை மாட்ட ஆரம்பியுங்கள்.

மாட்டாது.

இங்கேதான் சுழல் வளையம் வேலைக்கு வருகிறது. மேலே போகிற தூணிலும் கீழே இறங்குகிற தூணிலும் உள்ள இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தூண் தலைகீழானதால் அட்டையும் கவிழ்ந்துவிட்டது. கொக்கி இருக்க வேண்டிய பக்கம் வளையம். வளையம் இருக்க வேண்டிய பக்கம் கொக்கி. கொடுக்கிறவன் எதிரில் கொடுக்கிறவனே நிற்கிறான். இப்போது கீழே இறங்கும் தூணின் அட்டையை மட்டும் பிடித்து, வெளிமூலையை அச்சாக வைத்து அரைச்சுற்று திருப்புங்கள். கயிறு அசையாது, அட்டை மட்டும் புரளும். கொக்கி வளையத்தைத் தேடி வந்து 'டிக்' என்று விழும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு பேத்தி முழுசாக அரைமணி நேரம் அட்டையை என் கையில் தரவில்லை.

குவானின், சர்க்கரையோடு தன்னைக் கட்டியிருக்கும் அந்த ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி இப்படிப் புரளும். சாதாரண நிலைக்கு ஆன்ட்டி என்று பெயர், புரண்ட நிலைக்கு சின். ஒரே தட்டில் நாலு பேரும் ஒரே சுற்றாகக் கொடுத்து வாங்க வேண்டும், அதுதான் விதி. எதிர்த்திசைத் தூணில் இருப்பவர்கள் புரண்டு கொடுத்து அந்த விதியைக் காப்பாற்றுகிறார்கள். கூடையில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு சின், இரண்டு ஆன்ட்டி. நீங்கள் சரியாகக் கட்டியிருந்தால் எண்ணிக்கை ஒத்துவரும்.

இரண்டாம் மடிப்பு: காற்றாலை

கொக்கிகளைக் கழற்றி, கழற்சிக்காயை எடுத்துவிட்டுப் புன்னைக்காயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அதே கயிறு.

இப்போது நாலு தூணும் கீழிருந்து மேலேதான் போக வேண்டும். க மூலையில் மேலே வந்த கயிறு, தூண்களுக்கு வெளிப்பக்கமாக இறங்கி, ச மூலையின் காலடிக்கு வர வேண்டும். அங்கிருந்து மறுபடி மேலே. மறுபடி வெளியே இறங்கி ட, பிறகு த. எல்லா அட்டையும் ஆன்ட்டி; ஒன்றையும் புரட்ட வேண்டாம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு புன்னைக்காய். மேலேயிருந்து பார்த்தால் மூன்று வளைவும் மூன்று பக்கம் துருத்திக்கொண்டு, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது வரிசையாகத் தெரிகிற காற்றாலைகளின் மூன்று இறக்கை மாதிரி இருக்கும். இறக்கைகள் சமதூரத்தில் இல்லை, சதுரத்தின் மூன்று பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி வேலை முறுக்கு. கீழ்த்தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, நடுத்தட்டை 30 டிகிரி, மேல்தட்டை இன்னொரு 30 டிகிரி, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஸ்ட்ராக்கள் சாயும். இப்போது முதல் தூணின் தலையைக் கவனியுங்கள். அது நேர் மேலே இல்லை. இரண்டாம் தூணின் காலடிப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வளைவு கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிட்டது. முதல் தடவை நான் மூலைகளுக்கு வலஞ்சுழியாகப் பெயர் வைத்திருந்தேன். முறுக்கும்போது தூணின் தலை எதிர்ப்பக்கம் விலகிப் போய், வளைவுகள் வில் நாண் மாதிரி இழுத்துப் பிடித்தன, ஒரு கொக்கி தெறித்து மூக்குக்கண்ணாடியில் பட்டது. மூன்றே எழுத்தில் ஒரு வளைவு எப்படி மேலிருந்து கீழே வந்துசேர முடிகிறது என்று கேட்டால், இந்த முறுக்குத்தான் பதில்.

2002-ல் பார்க்கின்சன், லீ, நீடில் மூவரும் பொட்டாசியத்தோடு வளர்த்த படிகத்தில் கண்டது இந்த வடிவம். செல்லுக்குள் இருப்பதும் பொட்டாசியம்தான், ஆகவே வழக்கு முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. படிகம் வேறு, கரைசல் வேறு. 2006, 2007-ஐ ஒட்டிய வருஷங்களில் பொட்டாசியம் கரைசலிலேயே காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தவர்களுக்குக் கூடையும் கிடைக்கவில்லை, காற்றாலையும் கிடைக்கவில்லை. இரண்டும் கலந்த ஒன்று கிடைத்தது. அதையும் கட்டிவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. க மேலே, காற்றாலை வளைவாக இறங்கி ச மேலே, பிறகு பக்கவளைவாக ட கீழே, கீழே பக்கவளைவாக த மேலே. மூன்று தூண் ஒரு திசை, ஒன்று எதிர்த்திசை. வரிசையை மாற்றி, முதலில் இரண்டு பக்கவளைவும் கடைசியில் காற்றாலை வளைவும் வைத்தால் இதன் தம்பி வரும். கரைசலில் அண்ணனும் தம்பியும் மாறி மாறி இருக்கிறார்கள். வாலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்தைப் பொறுத்து யார் கை ஓங்குகிறது என்பது மாறும்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே வடிவத்தைக் கட்டி முடிச்சுப் போட்டு, "இதுதான் டெலோமியரின் மடிப்பு" என்று அட்டை எழுதி வைக்காதீர்கள். கொக்கியும் சுழல் வளையமும் வைத்ததே அவிழ்த்துக் கட்டத்தான். வருகிற பிள்ளை கையில் கழற்சிக்காயையும் புன்னைக்காயையும் கொடுத்து, அவர்களையே மாற்றச் சொல்லுங்கள். நான் போன கண்காட்சியில் மேற்பார்வைக்கு வந்தவர், "தொடாதீர்கள் என்று ஒரு போர்டு வையுங்க சார்" என்றார். சவம், தொடாமல் இதில் என்ன இருக்கிறது?

கேட்பார்கள், சொல்லுங்கள்

"இது எதுக்கு?" என்று ஒருத்தராவது கேட்பார்கள். டெலோமியரை நீட்டுகிற டெலோமரேஸ் என்ற நொதிக்கு, விரிந்த வால்தான் பிடிகொடுக்கும். பொட்டாசியத்தில் மடிந்துவிட்ட வாலை அதனால் நீட்ட முடியவில்லை என்று 1991-ல் சாஹ்லர் குழுவினர் காட்டினார்கள். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் அந்த நொதியை நம்பியே சாகாமல் பெருகுகின்றன. ஆகவே இந்த மடிப்பு பிரியாமல் தட்டின் மேல் போய் ஒட்டிக்கொள்கிற மருந்துகளைத் தேடி ஒரு கூட்டம் ஓடுகிறது. கையில் வைத்திருக்கும் மாதிரியின் மேல்தட்டில் ஒரு பப்படத்தை வைத்துக் காட்டுங்கள். தட்டையான மூலக்கூறு தட்டையான தட்டில் எப்படி உட்காரும் என்று புரிந்துவிடும்.

"நிஜமாவே செல்லுக்குள்ள இருக்கா, இல்ல கண்ணாடிக் குழாயில மட்டுமா?" இதைப் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி, ரொம்பநாள் சண்டையும்கூட. 2001-ல் ஸ்டைலோனிக்கியா என்ற ஒற்றைச்செல் உயிரியின் டெலோமியரில் எதிர்ப்பொருள் வைத்துக் கண்டார்கள். 2013-ல் மனிதச் செல்லில் ஒளிரும் புள்ளிகளாகக் காட்டியது கேம்பிரிட்ஜில் உள்ள சங்கர் பாலசுப்பிரமணியன் குழு. அவர் சென்னையில் பிறந்தவர். புள்ளிகள் முனைகளில் மட்டும் இல்லை, குரோமோசோமின் மற்ற இடங்களிலும் இருந்தன.

அப்பாவின் வடத்தையும் இங்கே சொல்லிவிடலாம். முனையை மடக்கி உடம்புக்குள் செருகுவார் என்றேனே, அதேபோல டெலோமியரின் வால் பின்னால் மடங்கி, இரட்டை இழைக்குள் புகுந்து ஒரு பெரிய கண்ணியாக நிற்பதை 1999-ல் கிரிஃபித்தும் டி லாங்கேயும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். அது வேறு மடிப்பு. அதற்கு நம் மாதிரி உதவாது, கனத்த வடம் ஒன்றும் பின்னத் தெரிந்த ஒரு பெரியவரும் வேண்டும். குளச்சலிலோ முட்டத்திலோ தேடினால் கிடைப்பார்.

ஜி நிறைந்த இழைக்கு எதிரே சி நிறைந்த இழை ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா என்று கேட்டால்: அதுவும் மடியும். ஆனால் அதற்குப் புளிப்பு வேண்டும். இரண்டு சைட்டோசின் கைகோக்க ஒரு புரோட்டான் கூடுதலாகத் தேவை. அமிலக் கரைசலில்தான் அது தாராளம். 1993-ல் கண்ட அந்த மடிப்புக்கு ஐ-மோடிஃப் என்று பெயர். மீன்குழம்புக்குக் கொடம்புளி போடுகிற ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மடிப்பைக் கயிற்றில் கட்ட இரண்டு தடவை முயன்று, இரண்டு தடவையும் சிக்கலாக்கிவிட்டேன். இப்போதைக்கு அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது.

மாதிரியை எடுத்து வைக்கும்போது கொக்கிகளைக் கழற்றிவிட்டு, கயிற்றை நீளவாக்கில் ஆணியில் தொங்கவிடுங்கள். சுருட்டி வைத்தால் சுழல் வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உப்புக்காற்று அடிக்கிற வீடென்றால் கொக்கிகளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். புன்னைக்காய் காயக் காயத் தோல் சுருங்கி அளவு குறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டரைக்குக் கீழே போய்விட்டால் மரத்தடிக்குப் போய் வேறு இரண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள்.